‘இல்லை’ வேறு, ‘கூடாது’ வேறு

2021 ஆகஸ்டில் ஜிலிப்சி 2.34 வெளியானது. லினக்ஸில் ஓடும் பெரும்பாலான புரோகிராம்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலோடு பேசுவது இந்த லைப்ரரி வழியாகத்தான். அது இடம்பெற்ற ஃபெடோரா 35, உபுண்டு 21.10 ஆகிய லினக்ஸ் டிஸ்ட்ரோக்களின் (தொகுப்புகளின்) இமேஜ்களை, புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் ஓட்டும் டாக்கரின் பழைய பதிப்பில் ஏற்றியவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை வந்தது. கன்டெய்னர் எழுந்துவிடும், ஷெல் வரும், எல்எஸ் வேலை செய்யும். ஆனால் உள்ளே ஒரு திரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை) உருவாக்கப் பார்த்த புரோகிராம் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்’ என்று சொல்லிவிட்டு விழும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக இருந்தாலும் அதே கதை. திரெட் உருவாக்க ரூட்டுக்கே அனுமதி கிடையாதா?

காரணம் புரிய, புரோகிராமுக்கும் கெர்னலுக்கும் நடுவில் இருக்கும் சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு புரோகிராம் யாரையும் கேட்காமல் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். தனக்குக் கிடைத்த மெமரிக்குள் கூட்டலாம், கழிக்கலாம், ஒப்பிடலாம். திரையில் ஓர் எழுத்தைக் காட்ட, ஃபைலைத் திறக்க, நெட்வொர்க்கில் ஒரு பைட் அனுப்ப, எல்லாவற்றுக்கும் கெர்னலிடம் கேட்டாக வேண்டும். இன்டெல், ஏஎம்டி சிப்களில் புரோகிராம் ஓடுவது ரிங் 3-இல், கெர்னல் ஓடுவது ரிங் 0-இல். கெர்னலுக்கு உரிய மெமரிப் பக்கத்தைப் புரோகிராம் தொடப் போனால் சிப்பே மறித்துவிடும். கேட்டு வாங்க இருக்கும் வாசல் சிஸ்டம் கால்.

64 பிட் லினக்ஸில் அந்த வாசல் இப்படி இருக்கும். என்ன வேண்டும் என்பதற்கான எண்ணை ஆர்ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடம்) வைக்க வேண்டும். ரீட் 0, ரைட் 1, ஓப்பன் 2, க்ளோஸ் 3. கூடவே தர வேண்டிய விவரங்கள் அதிகபட்சம் ஆறு. ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்10, ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் அவை போகும். சாதாரண ஃபங்ஷன் அழைப்பில் நான்காவது விவரம் ஆர்சிஎக்ஸில் போகும், இங்கே ஆர்10-இல். ஏனென்றால் திரும்பி வரவேண்டிய முகவரியை எழுதிவைக்க ‘சிஸ்கால்’ கட்டளையே ஆர்சிஎக்ஸை எடுத்துக்கொள்கிறது. அசெம்ப்ளியில் கையால் எழுதுகிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. பதில் மறுபடி ஆர்ஏஎக்ஸில் வரும். அது -1 முதல் -4095 வரை இருந்தால் பிழை. ஜிலிப்சி அதன் குறியை மாற்றி, பிழை எண்ணுக்கான எர்நோவில் போட்டுவிட்டு, புரோகிராமிடம் வெறும் -1-ஐக் கொடுக்கிறது.

வாசலில் வருகிற எதையும் கெர்னல் நம்புவதில்லை. ‘இந்த முகவரியில் இருக்கும் தரவை எழுது’ என்று தப்பான முகவரியைக் கொடுத்தால் ஈஃபால்ட், அதாவது பிழை எண் 14, திரும்பி வரும். கெட்டுப்போவது கேட்ட புரோகிராமின் வேலை மட்டும். பக்கத்தில் ஓடும் புரோகிராமுக்குச் செய்திகூடப் போகாது.

இனி கன்டெய்னருக்கு வருவோம். கன்டெய்னருக்குத் தனி கெர்னல் கிடையாது. ஹோஸ்டின், அதாவது அதை ஓட்டும் மெஷினின், கெர்னல்தான் எல்லாருக்கும். அதனால் வாசலிலேயே இன்னொரு காவல் தேவைப்படுகிறது. அந்தக் காவலின் பெயர் செக்காம்ப். 2005-இல் லினக்ஸ் 2.6.12-இல் வந்தபோது அது ரீட், ரைட், எக்சிட், சிக்ரிட்டர்ன் ஆகிய நான்கு அழைப்புகளை மட்டுமே விட்டது. 2012-இல் லினக்ஸ் 3.5-இல் வந்த ஃபில்டர் முறைதான் இன்று எல்லா இடத்திலும் ஓடுகிறது. 300-க்கு மேற்பட்ட அழைப்புகளில் சுமார் 44-ஐ டாக்கரின் இயல்பு ப்ரொஃபைல் (விதித் தொகுப்பு) அடைக்கிறது என்று அதன் ஆவணமே சொல்கிறது.

இந்தக் காவலுக்கு ஒரு குறை உண்டு, வேண்டுமென்றே வைத்த குறை. அழைப்பின் எண்ணையும் ஆறு ரெஜிஸ்டர்களின் மதிப்பையும் மட்டுமே அது பார்க்கும். ரெஜிஸ்டரில் இருப்பது ஒரு பாயின்டர், அதாவது மெமரி முகவரி என்றால், அது காட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காது. பார்த்துவிட்டு அனுமதித்த பிறகு, கெர்னல் படிப்பதற்குள் வேறொரு திரெட் உள்ளடக்கத்தை மாற்றிவிடலாம். அப்படிப்பட்ட சோதனை, சோதனை செய்யாததைவிட மோசம்.

பழைய குளோன் அழைப்பில் கொடிகள் (என்ன மாதிரி வேண்டும் என்று சொல்லும் குறிகள்) நேராக முதல் ரெஜிஸ்டரில் வரும். ‘திரெட் உருவாக்கலாம், புது நேம்ஸ்பேஸ் (தனியாகப் பிரித்த சூழல்) உருவாக்கக் கூடாது’ என்று ப்ரொஃபைல் பிரித்துப் பார்க்க முடியும். 2019-இல் லினக்ஸ் 5.3-இல் வந்த குளோன்3, எண் 435, அப்படி இல்லை. எல்லா விவரத்தையும் ஒரு ஸ்ட்ரக்டில் அடைத்து, அதன் பாயின்டரையும் நீளத்தையும் மட்டும் தருகிறது. காவலுக்கு உள்ளே இருப்பது தெரியாது. முழுசாக அடைப்பதைத் தவிர வழியில்லை. பழைய டாக்கர் அடைத்தது, ஆனால் ஈபெர்ம் என்ற பதிலோடு. அது பிழை எண் 1: ‘இருக்கிறது, உனக்குக் கூடாது.’

ஜிலிப்சி 2.34 திரெட் உருவாக்க முதலில் குளோன்3-ஐக் கேட்கும். கெர்னல் பழசாக இருந்தால் ஈநோசிஸ் வரும். அது பிழை எண் 38: ‘அப்படி ஒன்று இங்கே இல்லை.’ உடனே பழைய குளோனுக்கு இறங்கிவிடும். ஈபெர்ம் வந்தால் இறங்காது. கேட்டது புரிந்து, யோசித்து மறுத்திருக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். வேறு வழியில் நுழையப் பார்ப்பது அதன் வேலை இல்லை. லைப்ரரி செய்தது சரி. காவல் அடைத்ததும் சரி. மறுப்பின் சொல் மட்டும் தப்பு. டாக்கர் 20.10.10-இல் அந்த ஒரு பதிலை ஈநோசிஸாக மாற்றினார்கள், திரெட்கள் எழுந்துவிட்டன.

இதை இடத்திலேயே உறுதிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ஹோஸ்டில் இருந்து அந்த பிராசஸின் ப்ராக் ஸ்டேட்டஸ் ஃபைலைப் பாருங்கள். ‘செக்காம்ப்’ வரியில் 2 என்று இருந்தால் ஃபில்டர் போட்டிருக்கிறது. 0 என்றால் இல்லை, தேடலை வேறு பக்கம் திருப்பலாம். 2 என்றால், சிஸ்டம் கால்களை ஒவ்வொன்றாகக் காட்டும் ஸ்ட்ரேஸை -எஃப் கொடுத்து ஓட்டுங்கள். அதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் திரெட்களும் குழந்தை பிராசஸ்களும் கண்ணில் படாது. விழும் இடத்துக்குச் சற்று மேலே குளோன்3, ஸ்ட்ரக்டின் நீளம் 88, பதில் -1 ஈபெர்ம் என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பின் குளோன் வரியே இல்லை என்றால் வேறு சாட்சி வேண்டாம்.

தீர்வு டாக்கரை மேலேற்றுவது. அது கைவசம் இல்லாத இடத்தில் இயல்பு ப்ரொஃபைலைப் பிரதி எடுத்து, குளோன்3-க்கு மட்டும் 38 திருப்பும்படி ஒரு விதி சேர்த்து, அந்தக் கோப்போடு கன்டெய்னரை ஏற்றலாம். பல இடங்களில் நடப்பது இது அல்ல. செக்காம்ப்பை ‘அன்கன்ஃபைண்டு’ ஆக்கிவிடுவார்கள், இன்னும் அவசரம் என்றால் ‘பிரிவிலேஜ்டு’ போட்டுவிடுவார்கள். வேலை நடக்கும், டிக்கெட் மூடப்படும். பிரிவிலேஜ்டு என்பது காவலை எடுப்பதோடு நிற்காது. எல்லா கேபபிலிட்டிகளையும் (ரூட்டின் தனித்தனி அதிகாரங்கள்) ஹோஸ்டின் டிவைஸ்களையும் உள்ளே திறந்துவிடும். ஒரு எண்ணை 1-இல் இருந்து 38-ஆக மாற்ற வேண்டிய இடத்தில் சுவரையே இடிப்பது இது. அந்தக் கொடி, கன்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் காம்போஸ் ஃபைலில் ஏறிவிட்டால் வருஷக்கணக்கில் இறங்காது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

மறுப்பில் இப்படி என்றால், சம்மதத்தில் இன்னும் ஆபத்தான சிக்கல் உண்டு. ரைட் வெற்றி என்று திரும்பினால், தரவு மெமரியில் இருக்கும் கெர்னலின் பேஜ் கேஷுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். டிஸ்க்குக்குப் போக வேண்டுமானால் எஃப்சிங்க் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், வழக்கமான அமைப்பில் 30 வினாடி பழசான பக்கங்களைக் கெர்னல் தானாக எழுதும்; அதற்குள் கரன்ட் போனால் போனதுதான். எஃப்சிங்க் ஈஐஓ (படிக்கவோ எழுதவோ முடியவில்லை) என்று பிழை சொன்னால்? மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்ப்பது இயல்பாகத் தோன்றும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் பல வருஷம் அப்படித்தான் செய்தது. எழுத முடியாத பக்கங்களையும் ‘எழுதியாயிற்று’ என்று குறித்துவிட்டு, பிழையை ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு லினக்ஸ் மறந்துவிடுகிறது, இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி என்று வரும் என்பது 2018-இல் பெரிய விவாதமானது. அந்த வெற்றியை நம்பிப் பழைய ‘வால்’ ஃபைல்களை (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவுகள்) கழித்துவிட்டால் தரவு சத்தமில்லாமல் போய்விடும். 2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதல், எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே போஸ்ட்கிரஸ் பேனிக் ஆகி நின்று, வாலில் இருந்து மீண்டெழுகிறது. கடுமையாகத் தெரிந்தாலும் அதுதான் நேர்மையான வழி.

சாதாரண கான்ஃபிக் ஃபைலை எழுதும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும். அதே டைரக்டரியில் தற்காலிக ஃபைலில் எழுதி, அதற்கு எஃப்சிங்க் கேட்டு, பிறகு ரீநேம் செய்து, கடைசியாக டைரக்டரிக்கும் எஃப்சிங்க் கேட்க வேண்டும். பெரும்பாலோர் கடைசிப் படியை விடுகிறார்கள். தற்காலிக ஃபைலை டெம்ப் டைரக்டரியில் வைப்பவர்களும் உண்டு. அது வேறு ஃபைல்சிஸ்டமாக இருந்தால் ரீநேம் ஈஎக்ஸ்டெவ் என்று மறுத்துவிடும்.

சின்னவை இரண்டு. ரைட் கேட்ட அளவைவிடக் குறைவாக எழுதிவிட்டு வெற்றி என்று திரும்பலாம்; லினக்ஸில் ஒரே அழைப்பில் 2,147,479,552 பைட்டுக்கு மேல் போகவே போகாது. மிச்சத்துக்கு லூப் வேண்டும். க்ளோஸ் ஈஇன்டர் (நடுவில் குறுக்கீடு) என்று திரும்பினால் மறுபடி க்ளோஸ் கேட்கக் கூடாது. திறந்த ஃபைலுக்குக் கெர்னல் தந்த எண் அதற்குள் விடுவிக்கப்பட்டிருக்கும். வேறு திரெட் அதே எண்ணில் இன்னொரு ஃபைலைத் திறந்திருந்தால், அதை நீங்கள் மூடிவிடுவீர்கள்.

சுவர் எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். லினக்ஸில் வாக்குறுதி சிஸ்டம் கால் எண்ணிலேயே இருக்கிறது: 64 பிட்டில் ரைட் 1 என்றால் என்றைக்கும் 1. விண்டோஸில் அந்த எண்கள் ஒரு வெளியீட்டுக்கும் இன்னொன்றுக்கும் மாறும். வாக்குறுதி, லைப்ரரி ஃபைல்களான டிஎல்எல்களில் உள்ள ஃபங்ஷன்களுக்குத்தான். மேக்கிலும் லிப்சிஸ்டம் லைப்ரரிக்குத்தான். கோ மொழி தொடக்கத்தில் மேக்கிலும் லைப்ரரியைத் தாண்டி நேரே கெர்னலைக் கேட்டது. 2016-இல் மேக் சியராவில் நேரம் கேட்கும் அழைப்பின் உள்முறை மாறியதும் பழைய கோ பைனரிகள் உடைந்தன. புது கோவில் மறுபடி பில்ட் செய்ய வேண்டி வந்தது. கோ 1.11, 1.12-இல் லிப்சிஸ்டம் வழியாகப் போக மாறிவிட்டார்கள். வாக்குக் கொடுக்காத வாசலில் நுழைந்தவர்கள் பூட்டு மாறியதற்குக் கோபிக்க முடியாது.

லினக்ஸிலும் கெர்னலுக்கு மேலே இருக்கும் ஜிலிப்சி ஒரு திசையில் மட்டும்தான் வாக்குக் கொடுக்கிறது. பழையதில் பில்ட் செய்தது புதியதில் ஓடும். புதியதில் செய்ததைப் பழைய சர்வரில் வைத்தால் ‘ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்’ என்று நிற்கும். வாடிக்கையாளர்களிடம் இருக்கும் மிகப் பழைய டிஸ்ட்ரோ எதுவோ, அதன் இமேஜுக்குள் பில்ட் செய்யுங்கள்.

மெமரி எல்லையில் வேறொரு பொருத்தமின்மை. கெர்னலில் வரம்பு போடும் சிகுரூப் கன்டெய்னரை 2 ஜிபியில் நிறுத்தும், ஆனால் உள்ளே மெம்இன்ஃபோவைப் படித்தால் ஹோஸ்டின் 64 ஜிபிதான் தெரியும். பழைய ஜாவா 8 அதில் கால் பங்கு, 16 ஜிபி வரை ஹீப் (தரவு வைக்கும் தன் மெமரி) வளரலாம் என்று கணக்குப் போட்டு, 2 ஜிபியைத் தாண்டும்போது கொல்லப்படும். எக்சிட் கோடு 137, அதாவது 128-உம், கொல்லும் சிக்னலான சிக்கில்லின் 9-உம். ஜாவா 10-உம் 8-இன் 191-ஆம் அப்டேட்டும் 2018-இல் இதைச் சரிசெய்தன. சிபியு எண்ணிக்கையில் பைத்தானில் இந்தப் பொறி பலரைப் பிடிக்கிறது: 32 கோர் ஹோஸ்டில் 2 சிபியு கோட்டா கொடுத்த கன்டெய்னரிலும் சிபியு கவுன்ட் 32 என்றே சொல்லும். எத்தனை வொர்க்கர் வேண்டும் என்று அதை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டும் சூத்திரத்தில் 65 வொர்க்கர்கள் எழுந்து, 2 கோருக்கு அடித்துக்கொள்ளும்.

சொந்த சர்வீஸுக்கு நீங்களே காவல் போடுகிறீர்கள் என்றால், மறுக்கும் முன் கவனிக்கச் சொல்லுங்கள். லினக்ஸ் 4.14 முதல் செக்காம்ப்புக்கு ‘அனுமதி, ஆனால் பதிவு செய்’ என்ற செயல் உண்டு. அதில் ஒரு வாரமாவது ஓட்டுங்கள். இரவு பேக்கப், லாக் ரொட்டேஷன், மாதக் கடைசி ரிப்போர்ட் எல்லாம் ஒருமுறையாவது வந்துபோகட்டும். ஆடிட் லாகில் 1326 வகை வரிகளில் அழைப்பின் எண் இருக்கும், ஏயூசிஸ்கால் கட்டளை அதைப் பெயராக்கித் தரும். சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் சிஸ்டம் கால் ஃபில்டர், பிழை எண் எதுவும் கொடுக்காவிட்டால் அழைத்த பிராசஸையே சிக்சிஸ் என்ற சிக்னல் அனுப்பிக் கொன்றுவிடும். ஷெல்லில் ஓட்டிப் பார்த்தால் 159 என்று தெரியும். பிழை எண் கொடுக்கும்போது ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாக யோசியுங்கள். மவுன்ட், ரீபூட் மாதிரி வெளிப்படையாக மறுப்பதற்கு 1 பொருத்தம். புதிதாக வந்த, பழைய மாற்று உள்ள அழைப்பை அடைத்தால் 38.