போனில் சொன்ன தேதியை நம்பிப் போனேன், விசாரணை முந்தின நாளே முடிந்திருந்தது

"பெற்றோர் ஆஜராகவில்லை." வீட்டை விட்டுப் போன என் மகனை என்னிடம் திரும்ப விடுவதா என்று விசாரித்த குழந்தைகள் நலக் குழுவின் கோப்பில் என்னைப் பற்றி இருந்தது இந்த ஒரு வரிதான். முக்கூடலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, திருநெல்வேலி ஜங்ஷனில் மாறி, கதவு திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றவள் நான். ஆனால் விசாரணை முந்தின நாள்!

மகனைத் தங்க வைத்திருந்த இல்லத்தில் போன் எடுத்தவர் "புதன்கிழமை வாங்கம்மா" என்றார். உத்தரவில் இருந்ததோ செவ்வாய். நகலை என் கையில் யாரும் தரவில்லை. இல்லத்தில் போய்க் கேட்டால், "நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவன் அப்பா குடித்துவிட்டு அடித்த அடியில், எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன் வீட்டை விட்டுக் கிளம்பி ரயில்வே ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்திருந்தான். யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல, 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்தினார்கள். அடி வாங்கியதை அவனே சொன்னதால் உடனே வீட்டுக்கு விடவில்லை. அதில் எனக்குக் குறை கிடையாது, பிள்ளையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அன்றைக்கு வாசலில் அழுதுகொண்டு நின்றபோது ஒருத்தர் பக்கத்தில் வந்து, "வாய்தாவுக்கு வரலன்னா பிள்ளையத் தத்துக்குக் குடுத்துருவாவ. நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கு, செலவாகும்" என்றார். தயவுசெய்து இப்படிப்பட்டவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நான் நேரே பாளையங்கோட்டை கோர்ட்டில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

அங்கே வந்த வக்கீலம்மா, "அநாதை, கைவிடப்பட்ட பிள்ளைன்னு விசாரிச்சு முடிவு பண்ணணும், இல்லன்னா பெத்தவங்களே எழுதிக் குடுக்கணும், அப்பத்தான் தத்துப் பேச்சு. நீங்க வந்து நிக்கியள்லா!" என்றார். பாதி உயிர் திரும்பி வந்தது. மீதியை அடுத்த வார்த்தையில் எடுத்துவிட்டார்: "ஆனா இதே மாதிரி ஆஜராகலன்னு திரும்பத் திரும்ப எழுதிட்டா, அக்கறை இல்லாத தாய்னு ஆயிரும். இன்னைக்கே மனு குடுத்துட்டுத்தான் ஊருக்குப் போகணும்."

தேதி மாறிய விவரம், இல்லத்துக்கு நான் பேசிய அழைப்பு தெரியும்படி போன் திரையின் படம், அன்றைய பஸ் டிக்கெட், எல்லாம் சேர்த்து இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த விசாரணையில் அதை முதலில் படித்துவிட்டுத்தான் பேச்சே தொடங்கியது. அந்தப் பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போடாமல் பர்ஸில் வைத்திருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

வீட்டுக்கு வந்து பார்க்கிற விசாரணை சுலபமாக முடிந்தது. இழுத்தது ஆதார்தான். பையனின் ஆதாரில் அவன் அப்பா ஊர் முகவரி. 2019இல் தென்காசி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது அந்த ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது. சொந்த ஊர் வேறு மாவட்டம் என்றால் கோப்பு அங்கே மாறலாம் என்றார்கள். மறுபடி முதலிலிருந்தா என்று பதறி, தலைமையாசிரியரிடம் ஓடி, முக்கூடல் முகவரி போட்ட படிப்புச் சான்று வாங்கிக் கொடுத்தேன். ரேஷன் கார்டையும் சேர்த்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் பிள்ளையின் சான்றுகளில் முகவரி ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

இன்னொன்று. இறுதி உத்தரவுக்குக் குழுவில் மூன்று பேராவது உட்கார வேண்டும். கூலியை விட்டுவிட்டுப் போகிறவர்கள், அன்று அமர்வு உண்டா என்று காலையிலேயே குழு அலுவலகத்துக்கே பேசிக் கேளுங்கள், இல்லத்தை நம்ப வேண்டாம்.

என் அம்மா வீட்டில் வைத்துப் படிக்க வைப்பதாக எழுதிக் கொடுத்து மகனைக் கூட்டி வந்துவிட்டேன். உத்தரவின் நகலை அன்றே கேட்டு வாங்கினேன். ஒப்பாத உத்தரவாக இருந்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டுக்குப் போகலாம், அதற்கும் அந்த நகல்தான் வேண்டும்.