கிட்ட வந்தவனுக்கு ஏன் பாதி டேமேஜ்?

டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற சுடும் வீடியோ விளையாட்டில் மெடிக் என்ற மருத்துவர் பாத்திரத்தின் கையில் ஒரு கிராஸ்போ, அதாவது கட்டையில் குறுக்காகப் பொருத்திய வில், உண்டு. மூக்குக்கு நேரே நிற்பவனை அடித்தால் 38 டேமேஜ், அதாவது அவன் உயிரில் 38 புள்ளி குறையும். மேப்பின் அந்தக் கோடியில் நிற்பவனை அடித்தால் 75. பெங்களூரு முருகேஷ்பாளையாவில் என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் மதுரைத் தம்பிக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது. “அம்பு போகப் போகத்தானே வேகம் புடிக்கும்ணே” என்கிறான். மெக்கானிக்கல் படித்தவன்!

அம்பு என்ன ராக்கெட்டா? நாணை விட்டுப் பிரியும் கணத்தில் அதற்கு எவ்வளவு வேகம் கிடைத்ததோ அவ்வளவுதான். அதன்பிறகு காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். 80 கிராம் அம்பு ஒன்று நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 100 ஜூல். அந்த 100 ஜூல் முழுசாக இருப்பது வில்லாளியின் பக்கத்தில்தான்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. ஹென்னூர் பக்கம் நான் வார இறுதியில் போகும் மைதானத்தில் புதிதாக வருபவர்களைப் பலகைக்கு ரொம்பக் கிட்டேயே நிறுத்துவார்கள். அந்தத் தூரத்தில் சில அம்புகள் கோணலாகக் குத்தி நிற்கும். விரல்களிலிருந்து நழுவும்போது நாண் லேசாகப் பக்கவாட்டில் விலகுகிறது. பின்னாலிருந்து உந்தப்படும் அம்பு வளைகிறது. வில்லைக் கடந்ததும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மீன் மாதிரி நெளிந்துகொண்டே போகிறது. போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள், நம்பவே முடியாது. கொஞ்ச தூரம் போனபிறகுதான் நேராகிறது. அதற்குள் எதிலாவது பட்டால், துளைக்க வேண்டிய பலத்தில் ஒரு பங்கு அம்பை வளைப்பதிலேயே வீணாகிவிடும். ஆக, கிட்டத்தில் டேமேஜைக் கொஞ்சம் குறைக்க இயற்பியலே ஒரு சாக்குக் கொடுத்திருக்கிறது.

ஆனால் அந்தச் சாக்கு வில்லுக்கு மட்டும்தான். கிராஸ்போ அம்பு குட்டை, தடிமன், ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும். அது அப்படி நெளிவதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே டீம் ஃபோர்ட்ரஸில் ஸ்னைப்பர் என்ற பாத்திரத்தின் வில்லுக்குத் தூரக் கணக்கே கிடையாது. சாக்கு உள்ள வில்லுக்குக் கிட்டத்தில் டேமேஜ் குறையாது, சாக்கே இல்லாத கிராஸ்போவுக்குக் குறையும்.

தம்பி விடவில்லை. “கிராஸ்போ இழுக்க எவ்ளோ பலம் வேணும்? அதுதான் பெருசு” என்றான். பலம் பெரிசுதான். 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து எடுத்த நெடுவில்களை (ஆள் உயர வில்கள்) இழுக்க 100 பவுண்டுக்கு மேல் வேண்டும். இரும்பு கிராஸ்போவுக்கு அதைப்போல் பல மடங்கு. ஆனால் நெடுவில் நாண் அரை மீட்டருக்கு மேல் பின்னால் வரும், கிராஸ்போவில் ஒரு சாண்கூட வராது. பலத்தையும் தூரத்தையும் பெருக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை.

கிட்டத்தில் வில்லாளிக்கு உண்மையான கஷ்டம் நேரம்தான். அம்பு ஆளைக் கொல்வது வெட்டி ரத்தம் வடியவைத்து. நுரையீரலில் அம்பு தைத்த மான்கூடக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் விழும். ஐந்தடியில் வாளோடு நிற்பவன் விழுவதற்குள் உங்களை ஒரு போடு போட்டுவிடுவான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு இதை அழகாகப் பிடித்திருக்கிறது: எதிரி ஐந்தடிக்குள் வந்துவிட்டால் குறி தவற வாய்ப்பு அதிகம், பட்டால் டேமேஜ் முழுசு.

கிராஸ்போக்காரன் பாடு இன்னும் மோசம். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நாணை ஏற்றும் வரை அவன் வெறும் ஆள்தான். அதனால்தான் பெரிய கேடயத்துக்குப் பின்னால் ஒளிவான். 1346இல் கிரெசி போரில் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நின்ற கிராஸ்போக்காரர்களான ஜெனோவாக்காரர்களின் கேடயங்கள் பின்னால் சாமான் வண்டியிலேயே இருந்துவிட்டன. எதிரே நெடுவில் கூட்டம். என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற போர் வியூக விளையாட்டில் வில்லாளியை கிராஸ்போக்காரனாக உயர்த்தினால் அட்டாக் ஒன்று ஏறும், ரேஞ்ச் ஒன்று ஏறும். எய்யும் வேகம் அப்படியே. இரண்டு நொடிக்கு ஒரு அம்பு, அதுவும் கிராஸ்போவில்! நான் கேட்பதெல்லாம் இதுதான்: முதல் அம்புக்கு டேமேஜை இரட்டிப்பாக்குங்கள், அடுத்த அம்புக்கு அரை நிமிடம் காக்க வையுங்கள். நடுவில் குதிரைக்காரன் வந்தால் கிராஸ்போக்காரன் ஈட்டிக்காரனுக்குப் பின்னால் ஓடட்டும்.