காறை எலும்பும் ஏ9 வீதியும்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் படித்த நமக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எரிபொருள் தடைக்காலத்தில் ஊரே அதன் மீதுதான் ஓடியது. நோயாளியும் விறகும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் ஒரே கரியரில் போயின. மின்சாரம் இல்லாத இரவுகளில் பின்சில்லை உயர்த்தி வைத்து ஒருவர் உழக்க, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். எனவே, வன்னியில் தொலைதூரம் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக்கொடுக்க நம் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை நிதி திரட்ட முனைந்தபோது, அந்த நிதியைச் சைக்கிள் ஓடியே சேர்ப்போம் என்று எங்கள் வகுப்பினர் சிலர் முன்வந்தோம்.

பிரித்தானியாவின் தென்மேற்கு முனையான லாண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கில் ஜோன் ஓ குரோட்ஸ் வரை போவது எங்கள் திட்டம். வழமையான வீதிவழித் தூரம் 874 மைல். பெருந்தெருக்களைத் தவிர்த்து ஓடினால் 1,000 மைலை எட்டும். ஸ்கொட்லாந்து மலைகளை நினைத்துத்தான் பலரும் அஞ்சுவார்கள். ஆனால் காலை முறிப்பவை கோர்ன்வால், டெவன் பகுதிகளின் குட்டையான செங்குத்து ஏற்றங்களே. ஒன்றில் ஏறி மூச்சு வாங்குமுன் அடுத்தது வந்துவிடும்.

டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கால்நடைகள் எல்லை தாண்டாதிருக்க வீதிக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். மழையில் நனைந்த அந்தக் கம்பிகளில் என் முன்சில்லு வழுக்கியது. விழுந்த வேகத்தில், நெஞ்சையும் தோளையும் இணைக்கும் இடது காறை எலும்பு முறிந்தது. கையைத் துணியில் தூக்கிக் கட்டிய மருத்துவர், எலும்பு பொருந்த 6 முதல் 8 வாரங்கள் ஆகும் என்றார்.

வலியைவிட, வாக்குக் கொடுத்தவர்களின் முகங்கள்தான் என்னை வருத்தின. மைலுக்கு இவ்வளவு என்று பணம் தர ஒப்புக்கொண்ட முதியவர்கள் பலர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். என் முகத்தைப் பார்த்த தோழன் ஒருவன், "மச்சான், நீ வீட்டுக்குப் போ. நாங்கள் வடக்கே போய்ச் சேருவோம். உன் பங்கு உனக்காக இங்கேயே இருக்கும்" என்றான். அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். நான் தொலைபேசியில் அவர்களுடைய குரல்களைக் கேட்டு அழுதேன்.

முறிந்த எலும்பைவிட இறுகிய தோள்தான் அதிகத் தொல்லை தந்தது. குனிந்து நின்று கையை ஊசல்போல ஆட்டுவதும் சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே நடத்துவதும் இயன்மருத்துவர் தந்த பயிற்சிகள். பார்ப்பவருக்கு அவை விளையாட்டாகத் தெரியும். செய்தவருக்குத்தான் ஒவ்வோர் அங்குலத்தின் அருமையும் தெரியும். சைக்கிளில் உடற்பாரத்தின் ஒரு பகுதி கைகள் வழியே தோளில் இறங்குவதால், கைபிடியை உயர்த்திப் பொருத்தினோம். குளிர்காலம் முழுவதும் சைக்கிளை வரவேற்பறையில் தாங்கியில் பூட்டி உழக்கினேன். பக்கத்தில் அமர்ந்து நேரம் பார்த்தவள் என் மகள். மனைவி ஒரு நாளும் "போதும், விடுங்கள்" என்று சொல்லவில்லை. அதற்கு நான் என்றும் நன்றியுடையவன்.

அடுத்த கோடையில், விழுந்த அதே இடத்திலிருந்து தொடங்கினேன். முன்பே முழுத்தூரமும் ஓடி முடித்தவர்களில் இருவர், விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடியும் என்னுடன் வந்தார்கள். கம்பிரியாவின் ஷாப் மேட்டில் தோள் எரிந்தது. அங்கே அவர்கள் எனக்கு முன்னால் ஓடி எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டார்கள்.

இன்வர்னெஸ் நகரைத் தாண்டியதும் பச்சைப் பலகையில் 'ஏ9' என்றிருந்தது. மூவரும் நின்றுவிட்டோம். நம் ஏ9, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் வீதி, 2006 ஆகஸ்டில் போரினால் மூடப்பட்டபோது அப்பாவின் இறுதிக் கிரியைக்குப் போக வழியின்றி லண்டனில் இருந்தவன் எங்களில் ஒருவன். அவன் ஒன்றும் பேசாமல் பலகைக் கம்பத்தில் கை வைத்தபடி நின்றான். இங்கே வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மலை; வழிமறிக்க ஒருவருமில்லை. பெரிடேலின் கடும் ஏற்றத்தில்கூட யாரும் இறங்கித் தள்ளவில்லை. லதரனில் ஏ9 உள்நாட்டுப் பக்கம் திரும்ப, நாங்கள் ஏ99இல் விக் வழியாக முனையை அடைந்தோம்.

பணம் முழுவதும் வந்தது. பிள்ளைகளுக்குச் சைக்கிள்களும் கிடைத்தன. ஒன்றை மட்டும் சங்கத்திடம் வலியுறுத்துகிறேன். செம்மண் வீதிகளில் டயரும் டியூபும் விரைவில் தேய்ந்துவிடும். அவற்றை மாற்ற வசதியில்லாத வீட்டில் புதுச் சைக்கிளும் சுவரில் சாய்ந்துவிடும். ஆகவே, அடுத்த முறை சேரும் நிதியில் ஒரு பங்கைப் பள்ளிகளுக்கு அருகிலுள்ள சைக்கிள் திருத்துநர்களுக்கு ஒதுக்குங்கள். அதற்கான ஓட்டத்துக்கு என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளலாம்.