அம்மா வந்துச்சு

ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டு ஒன்றின் ஒரே பக்கத்தில் ஆறு இடங்களில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். ஆறும் ஒரே பிழை. 'அம்மா வந்துச்சு', 'அம்மா பன்னு வாங்கிக்கிட்டு வந்துச்சு', 'அம்மா எனக்குத் தலை சீவி விட்டுச்சு' என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். அதற்கு முந்தைய இரண்டு பாடவேளைகளிலும் விகுதியைத்தான் நடத்தியிருந்தேன். 'வா' என்னும் பகுதியைக் கரும்பலகையின் நடுவில் எழுதி, ஈற்றில் ஒட்டுகிற ஓரிரண்டு எழுத்தால் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, மனிதரா மாடா என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது என்று காட்டியபோது பிள்ளைகள் அதை விளையாட்டாகவே பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து 'வந்' என்று நிறுத்துவான். வாசலில் நிற்பது யார் என்று பார்த்து மற்றவர்கள் 'தான்' என்றோ 'தாள்' என்றோ முடிப்பார்கள். வெளியே நாய் போனால் 'தது' என்று கூச்சல் கிளம்பும். அவ்வளவு நன்றாகப் போன பாடத்துக்குப் பிறகும் ஆறு வட்டம் போட வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் எனக்கு இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளை எழுப்பி, அம்மா உயர்திணையா அஃறிணையா என்று கேட்டேன்.

"உயர்திணை ஐயா."

"அப்புறம் எப்படிம்மா வந்துச்சுன்னு எழுதுன? வந்தது, வந்துச்சு எல்லாம் எதுக்கு வரும்?"

சற்று நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வந்தாள்னு எழுதுனா ஆயா திட்டும் ஐயா" என்றாள். வகுப்பு சிரித்தது. ஆயாவுக்கும், அதாவது பாட்டிக்கும், அவள் 'திட்டும்' என்றே முடித்ததை நான் கவனித்தேன். அதையும் ஒரு பிழையாகத்தான் கவனித்தேன்.

"சரி, வந்தார்னு எழுது."

"வந்தார்னா எச்.எம். சார் வந்த மாதிரி இருக்குது ஐயா."

இப்போது சிரிப்பு அதிகமாயிற்று. அந்தச் சிரிப்பை அடக்குவதற்காகவோ, அதில் நானும் சேர்ந்துகொள்வதற்காகவோ, "அம்மா என்ன ஆடா மாடா?" என்று கேட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வாக்கியங்களையும் 'ஆர்' விகுதி வைத்துத் திருத்தி எழுதி வரச் சொன்னேன். மறுநாள் அழகான கையெழுத்தில் எழுதி வந்தாள்.

அவளுடைய அம்மா பெங்களூரில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய், பதினைந்து நாளுக்கு ஒருமுறை சனிக்கிழமை இரவில்தான் ஊருக்கு வருவார் என்பது எனக்கு அப்போதே தெரியும். ('வருவார்' என்றுதான் நானும் இங்கே எழுதுகிறேன், வேறு எப்படி எழுதுவது?) தெரிந்திருந்தும், 'அம்மா வந்துச்சு' என்ற வாக்கியத்தில் நான் படித்தது அதன் கடைசி எழுத்தை மட்டும்தான்.

அன்று மாலை இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து, பாடக் குறிப்பேட்டில் 'தெலுங்கின் தாக்கம்' என்று எழுதி வைத்தேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு இது கைவசம் உள்ள விளக்கம். ஆந்திரமும் கர்நாடகமும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கின்றன. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வருகிறவர்கள். தெலுங்கில் ஒருமையில் பெண்பாலுக்கும் அஃறிணைக்கும் வினைமுற்றின் ஈறு ஒன்றுதான்: 'அம்ம வச்சிந்தி', 'ஆவு வச்சிந்தி'; தாயும் பசுவும் ஒரே மாதிரி வரும், ஆணுக்கு மட்டும் 'வச்சாடு' என்று தனி ஈறு. கன்னடத்திலோ நம்மைப் போல 'பந்தளு' வேறு, 'பந்து' வேறு. ஆகவே பிழை தெலுங்கிலிருந்து வந்தது என்று முடிவு கட்டி, எனக்கு நானே திருப்திப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெண்ணின் வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி கிடையாது என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. அதைவிட வெட்கமான சங்கதி, இடைவேளையில் என் தம்பிக்குக் கைப்பேசியில் பேசியபோது, "அம்மா மாத்திரை போட்டுச்சா?" என்று நான் கேட்டது என் காதிலேயே விழுந்தது. நான் தருமபுரிக்காரன். எனக்கும் தெலுங்கு தெரியாது.

என்னை உண்மையில் நிறுத்திப் பிடித்தது பத்தாம் வகுப்பு. அதே வாரம் அங்கே வழுவமைதி நடத்த வேண்டியிருந்தது. இலக்கணப்படி பிழையானாலும் ஏதோ ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. அதில் திணை வழுவமைதிக்குத் தமிழாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் எடுத்துக்காட்டு, ஒருவன் தன் பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது. பசு அஃறிணை, உவப்பின் காரணமாக அதற்கு ஆள் விகுதி கொடுத்துவிட்டான், அதனால் குற்றமில்லை. இந்த ஊர்ப் பையன்களுக்கு மாட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க முடியாது. "ஐயா, எங்க மாட்டை யாரும் வந்தாள்னு சொல்ல மாட்டோம், வந்துச்சுன்னுதான் சொல்லுவோம்" என்றான் ஒருவன். நான் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றேன். ஏழாம் வகுப்பில் 'ஆடா மாடா' என்று கேட்ட வாயால், பசுவை அம்மா என்றால் இலக்கணம் அதை வாழ்த்துகிறது என்று பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூல், உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு ஆகிய ஐந்தைச் சொல்லி, இவற்றால் பாலும் திணையும் இழுக்கினும், அதாவது வழுவினாலும், இயல்பே என்கிறது. எந்தத் திசையில் வழுவ வேண்டும் என்று அந்த நூற்பாவில் வரையறை இல்லை. பசு அம்மையாகலாம் என்றால், பதினைந்து நாள் கழித்து வந்த அம்மா உவப்பினால் 'வந்துச்சு' ஆகக் கூடாதா? இதோடு நின்றிருந்தால்கூட என் மனம் ஒருவழியாக அடங்கியிருக்கும். நான் திருத்தமாக எழுதிக் கொடுத்த 'வந்தார்' மட்டும் எங்கிருந்து வந்தது? ஆர் என்பது பலர்பால் விகுதி. ஒருவரைப் பன்மையால் சொல்லும் உயர்சொல் வழக்கில் உண்டே தவிர, அது இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. அப்படியானால் ஒரு வழுவை அடித்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு வழுவைத்தான் வைத்திருக்கிறேன். ஒன்று பழையது, மரியாதையானது, தேர்வில் மதிப்பெண் தருவது. மற்றது அவள் வீட்டில் பிறந்தது.

இதைக் கணக்கு டீச்சரிடம் சொன்னேன், அவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்க்காமல். "நீங்க திருத்தினது சரிதாங்க ஐயா" என்றார். "அந்தப் பொண்ணு அப்பாவுக்கு என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?" அவரும் 'எழுதியிருக்கு' என்றுதான் சொன்னார். அவர் போன பிறகு ஏழாம் வகுப்பு நோட்டுகளை எல்லாம் மறுபடியும் புரட்டினேன். அப்பாக்கள் எல்லாருமே 'வந்தாரு', 'சொன்னாரு'. அம்மாக்கள், அக்காக்கள், ஆயாக்கள் எல்லாருக்கும் 'வந்துச்சு', 'சொல்லுச்சு'. தாத்தாவுக்கு ஆர், அதே வாக்கியத்தில் அவருக்குச் சோறு போட்ட ஆயாவுக்குத் து. நான் உவப்பு என்று நினைத்து நெகிழ்ந்தது, மரியாதையை ஆண்களுக்கு அளந்து கொடுத்தபின் மிச்சமாகும் இடமாகவும் இருக்கலாம். வந்தாள் என்றால் இறக்கம், வந்தார் என்றால் அந்நியம், இடையில் பெண்களை நிறுத்த நம்மிடம் இருக்கும் விகுதி ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள அதே விகுதிதான். அப்படிப் பார்த்தால் 'அம்மா என்ன ஆடா மாடா' என்பது அந்தப் பெண்ணிடம் கேட்கக் கூடாத கேள்விதானே தவிர, கேட்கவே கூடாத கேள்வி அன்று. இந்த நியாயம் எனக்கு வசதியாக இருக்கிறது என்பதாலேயே இதன்மேல் எனக்குச் சந்தேகமும் இருக்கிறது. ஏனென்றால் அன்று அதைக் கேட்டபோது பெண்களின் மரியாதை என் நினைவில் இல்லை. வகுப்பு என் கையை விட்டுப் போகிறதே என்பதுதான் இருந்தது.

தேர்வு என்ற ஒன்று இருப்பதையும் மறைப்பதற்கில்லை. மூன்றாண்டில் அவள் பத்தாம் வகுப்பு விடைத்தாளில் 'வந்துச்சு' என்று எழுதினால், திருத்துகிறவருக்கு அவளுடைய அம்மா எந்த ஊரில் செங்கல் சுமக்கிறார் என்று தெரியப்போவதில்லை. எழுத்துத் தமிழ் யாருடைய வீட்டிலும் பேசப்படுவதில்லை. எல்லாருக்கும் சமமாக அந்நியமானது என்பதே அதன் நியாயம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். ஆனால் சமம் என்பதும் முழு உண்மையன்று. வீட்டில் 'அம்மா வந்தாங்க' என்று பழகிய பிள்ளைக்கு 'வந்தார்கள்' ஒரு படி தூரம்தான். இவள் தாண்ட வேண்டியது திணையையே.

அடுத்த நாள் வகுப்பில், பேச்சில் அப்படிச் சொல்வது தவறில்லை, எழுத்தில்தான் கூடாது என்று பொதுவாகச் சொன்னேன். ஆடு மாடு பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறந்திருந்தவர்களுக்கும் அது நினைவுக்கு வந்து, மறுபடி சிரித்திருப்பார்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு 'எங்கள் ஊர்த் திருவிழா' பற்றி எழுதச் சொன்னேன். அவள் பதினான்கு வாக்கியங்கள் எழுதியிருந்தாள். காலையில் எழுந்தோம், குளித்தோம், மாவிளக்கு எடுத்தோம், கோயிலுக்குப் போனோம், எருது விடுவதைப் பார்த்தோம், இராட்டினம் சுற்றினோம் என்று பதினான்கு வினைமுற்றும் ஓம் விகுதியில் முடிந்திருந்தன. யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை, யாரும் எதுவும் வாங்கித் தரவில்லை. வட்டமிட ஓர் இடம்கூட இல்லை. தன்மைப் பன்மையை நன்றாகப் பிடித்துக்கொண்டாளா, படர்க்கையையே விட்டு ஒதுங்கிவிட்டாளா என்று நோட்டைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்? அந்த 'ஓம்' ஒவ்வொன்றுக்குள்ளும் யார் யார் இருந்தார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். நோட்டை வாங்க வந்து மேசைக்கு எதிரே நின்றவளிடம், "நல்லா எழுதியிருக்கம்மா" என்று மட்டும் சொல்லிப் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தேன். "சரிங்க ஐயா" என்று வாங்கிக்கொண்டு போனாள்.