பெருச்சாளி போக மிச்சம்

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுப் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) போன வைகாசியில் நாலு குச்சிக்கிழங்கு நட்டேன். மரவள்ளிதான், இங்கே அப்படித்தான் சொல்வோம். பத்து மாதம் கழித்து, பங்குனியில் பிடுங்கப் போனால் செம்மண் கல்லாய் இறுகிக் கிடந்தது. முதல் நாளே குடம் குடமாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்திருந்தும் அந்த லட்சணம்.

“இழுக்காத கண்ணு, ஆட்டி ஆட்டி எடு” என்றார் அம்மாயி, அம்மாவின் அம்மா. கேட்கவில்லை. இரண்டு கிழங்கு முறிந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டன. மூன்றாவது செடியில் பெருச்சாளி முந்திக்கொண்டது. பல் பட்ட இடமெல்லாம் கறுத்திருந்தது.

சரி, மிச்சம் ஏழு கிலோ தேறியது. தோண்டி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். அதனால் அன்றைக்கே பக்கத்து வீடுகளுக்குப் பாதி போனது. வெந்ததும் பிளந்து, நடு நரம்பை உருவி, சூடாகத் தின்றோம். அடுத்த நடவுக்குச் செடியின் குச்சிகளை வேப்பமர நிழலில் சாய்த்து வைத்திருக்கிறேன்.