துரை பள்ளத்தில், குதிரை மேட்டில்

இங்கிலாந்தின் மெல்டன் மோபிரேக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் போர்க் பை (பன்றிக்கறி அடைத்த பணியாரம்) சாப்பிடத்தான் போகிறார்கள். லெஸ்டரில் ரயில் மாறினால் கொஞ்ச நேரத்தில் ஊர். நான் போனது குதிரையிலிருந்து விழுகிற துரைமார்களுக்காக.

ஹென்றி ஆல்கன் (1785-1851) வரைந்த நரி வேட்டைப் படங்களை லண்டனில் பார்த்ததிலிருந்து அந்தப் பித்து. பென்சில் கோடு, மேலே மெல்லிய நீர்வண்ணம், சிவப்புக் கோட்டுக்கு மட்டும் தாராளம். ஒருவர் தலைகுப்புற ஓடையில். இன்னொருவர் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறார், தொப்பி தனியாகப் பறக்கிறது. கரையில் குதிரை நிம்மதியாகப் புல் மேய்கிறது. நரியைத் தேடினால் மூலையில் ஒரு செந்நிறப் பொட்டு.

இத்தனை பேர் ஏன் விழுகிறார்கள் என்பது ஊருக்கு வெளியே நடந்தபோதுதான் புரிந்தது. மேய்ச்சல் நிலமெல்லாம் பழைய உழவுத் தடத்தில் அலை அலையாகக் கிடக்கிறது. வயலுக்கு வயல் முட்செடி வேலி. பல இடங்களில் வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளம். மாடு வேலியைக் கடிக்காமலிருக்க அந்தக் காலத்தில் குறுக்குக் கட்டையும் போட்டிருப்பார்கள். பாய்ந்து வருகிற குதிரைக்கு அப்பால் இருப்பது தெரியாது. மேலே உட்கார்ந்திருப்பவருக்கும்தான். ஆல்கன் ஒன்றும் பெரிதாக மிகைப்படுத்தவில்லை! குதிரை ஓட்டத்தில்தான் அவர் கணக்குத் தப்பு: நான்கு காலையும் நீட்டிக்கொண்டு மிதக்கும். எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை என்று புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் 1878-இல் புகைப்படம் எடுத்துக் காட்டினார்.

குவார்ன், பீவர், காட்டஸ்மோர் என்ற மூன்று வேட்டைக் குழுக்களின் எல்லைகள் கூடுகிற ஊர் இது. அதனால் குளிர்காலம் முழுக்கப் பணக்காரர்கள் இங்கேயே குடியிருந்தார்கள். தங்களைக் கிண்டல் செய்யும் படங்களைக் காசு கொடுத்து வாங்கி மாட்டியதும் இந்த வர்க்கம்தான். அது எனக்குப் பிடிக்கிறது. (நம் ஊட்டியிலும் துரைமார் இதே சிவப்புக் கோட்டுடன் குள்ளநரி துரத்தினார்கள்.)

ஊர் அருங்காட்சியகத்தில் வேட்டைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. 1837 ஏப்ரலில் வாட்டர்ஃபோர்டு பிரபு தோழர்களோடு குடித்துவிட்டு ஊரையே சிவப்புச் சாயம் பூசிய கதையை இங்கே யாரும் விடமாட்டார்கள். அதையும் ஆல்கன் வரைந்தார். வேட்டைப் படங்களின் அதே துள்ளல், அதே சிவப்பு. ஆனால் சுங்கச்சாவடிக்காரர்மீதும் சாயம் பூசினார்கள் என்று தெரிந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளத்தில் விழுகிற துரை நமக்கு வேடிக்கை. சாயத்தில் நனைகிற கூலிக்காரரை என்னவென்று ரசிப்பது? வழக்கு நடந்து, மறு ஆண்டு பிரபுவுக்கும் தோழர்களுக்கும் ஆளுக்கு 100 பவுண்டு அபராதம் விழுந்தது. அவர்களுக்கு அது ஒரு காசே இல்லை.