வெறும் வயிறும் விடாத குளிசையும்

"நீங்கள்தானே பிள்ளை சொன்னனீங்கள், குளிசையை ஒருநாளும் விடாதேங்கோ எண்டு."

சீனி வருத்தக் கிளினிக் வாங்கில் சாய்ந்திருந்த ஐயா சொன்னது அவ்வளவுதான். கோபமும் இல்லை. சொன்னது உண்மை. கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு வசனம் சொல்வோம். "அடுத்தமுறை வெறும் வயித்தோட வாங்கோ, ரத்தம் எடுக்கவேணும்." "குளிசையை விடாதேங்கோ." தனித்தனியே இரண்டும் சரி. ஒரே காலையில் இரண்டையும் செய்தால்?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து முதல் பஸ் பிடிக்கிறவர் ஐந்து மணிக்கே சீனியைக் குறைக்கிற கிளிபென்கிளமைட் குளிசை 5 மில்லிகிராம் போட்டுவிடுவார். கடைசியாகச் சாப்பிட்டது முந்தின இரவு. ரத்தம் எடுக்க எட்டரை, ஒன்பது ஆகும். வயிற்றில் ஏதும் இருக்கிறதா என்று அந்தக் குளிசை பார்ப்பதில்லை. இன்சுலினை விடு என்று கணையத்தை நெருக்கிக்கொண்டே இருக்கும். மெட்போமின் குளிசை மட்டும் போடுகிறவருக்குச் சீனி மிஞ்சி இறங்கும் இந்த ஆபத்து மிகக் குறைவு. இந்த வித்தியாசத்தை ஆளாளுக்குச் சொல்ல நேரமில்லை என்பது எங்கள் சமாதானம். அரை நிமிடம் போதும் என்பதும் தெரியும்.

பக்கத்தில் இருந்தவர்கள் ஐயாவின் வியர்வையைப் பார்த்து வெக்கை என்றார்கள். வன்னியில் வைகாசியில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? அவர் பிரஷருக்கு அற்றனலோல் எடுப்பவர். அது நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ரத்தச் சீனி பார்க்கும் மீற்றரில் 48. 70க்குக் கீழே இறங்கினாலே கவனிக்க வேண்டும். 54க்குக் கீழே மூளை தடுமாறத் தொடங்கும்.

அரைக் கோப்பைத் தண்ணீரில் மட்டமாக நான்கு தேக்கரண்டி சீனி, ஏறத்தாழ 16 கிராம். "சீனி வருத்தக்காரனுக்குச் சீனியோ?" என்று தள்ளினார், பிறகு குடித்தார். யாரோ பிஸ்கற் நீட்டினார்கள். அது பிறகு. மாவும் கொழுப்பும் மெதுவாகத்தான் வேலை செய்யும். 15 நிமிடத்தில் 63, மறுபடியும் அதே அளவு சீனித்தண்ணீர், பிறகு 94. விழுங்க முடியாத நிலையில் இருந்திருந்தால் வாயில் ஒரு சொட்டும் விடக்கூடாது, சரித்துக் கிடத்தி ரத்த நாளத்தில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் கரைசல்தான்.

94 என்றதும் எழும்பிவிட்டார். மாடு அவிழ்க்க ஆளில்லையாம். மறித்து வாட்டில் வைத்தோம். கிளிபென்கிளமைட்டின் வேலை ஒரு நாளையும் தாண்டும், சிறுநீரகம் களைத்திருந்தால் இன்னும் நீளும். இரவு 9 மணிக்குத் திரும்பவும் 58. மறித்தது சரிதான் என்று அப்போது மனம் ஆறியது. ஆனால் சிறுநீரகம் களைத்ததைக் காட்டும் கிரியற்றினின் கூடியிருப்பது அவருடைய கொப்பியில் முந்திய கிளினிக்கிலேயே எழுதிக் கிடந்தது. அப்படியானவருக்கு அந்தக் குளிசையே ஆகாது. அந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களில் நாங்களும் உண்டு.

இப்போது வசனத்தை மாற்றிவிட்டோம்: "ரத்தம் குடுத்துப்போட்டு, சாப்பாட்டுப் பார்சலைப் பிரிச்ச பிறகு குளிசை." இன்சுலின் ஊசிக்காரருக்கும் அதேதான், சாப்பாடு கையில் வந்த பிறகு ஊசி. இதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தோம்.

போன வெள்ளிக்கிழமை கிளினிக்கில் ஒரு அம்மாவுக்கு 230. டொக்டர் அளவைக் கூட்டி எழுதிய பிறகுதான் மருந்து யன்னலில் பேச்சுக் கொடுத்தார்: "ரத்தம் குடுக்குமட்டும் போடவேண்டாமெண்டு நீங்கள்தானே பிள்ளை சொன்னனீங்கள்." எப்போதிலிருந்து நிப்பாட்டினார் என்று கேட்டோம்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து.